ஹூட்ஸ் டவரும் கோணேசர் மலையும்: கோட்டைகளுக்குப் பெயர் வைத்தவர்கள் யார்?

திருகோணமலை உட்துறைமுகத்தின் வாயிலில், ஒஸ்டென்பேர்க் முகட்டில், கடற்படையின் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. கடற்படைத் தளத்துக்குள் இருப்பதால் நினைத்த நேரத்தில் யாரும் அங்கே ஏறிப்போய்விட முடியாது. அதன் பெயர் ‘ஹூட்ஸ் டவர்’. ஒல்லாந்தரின் ஒஸ்டென்பேர்க் கோட்டை இருந்த இடத்தில், கடலைக் கண்காணிக்கப் பிரித்தானியர் வைத்திருந்த கோபுரத்தின் பெயர் அது.

பிரித்தானியக் கடற்படையின் கிழக்கிந்தியப் பிரிவுக்குத் தளபதியாக இருந்த சேர் சாமுவேல் ஹூட் என்பவரின் பெயரே கோபுரத்துக்கு வைக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. 1806இல் பிரெஞ்சுக் கப்பல்களுடன் நடந்த சண்டையில் ஒரு கையை இழந்தவர். 1814 டிசெம்பரில் சென்னையில் இறந்தார். இவ்வளவும் ஒரு படைத்தளபதியின் வழக்கமான வரலாறுதான். ஆனால் கடலோரக் கோட்டைகளின் கதையில் இவருக்கு இன்னோர் இடமும் உண்டு. திருகோணமலைக் கடலுக்குப் பொறுப்பாக வருவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், மத்தியதரைக் கடலில், சின்னஞ்சிறு வட்டக் கோபுரம் ஒன்றைத் தகர்க்கப் போய் முடியாமல் திரும்பிய இரண்டு கப்பல்களில் ஒன்றின் தலைவர் இவர்.

அந்தத் தோல்விதான் ‘மார்ட்டெலோ கோபுரம்’ என்ற கோட்டை வகையை உலகம் முழுவதும் கொண்டுபோனது. அயர்லாந்திலிருந்து கனடா வரை, நமது அம்பாந்தோட்டை வரை, இந்தக் கோபுரங்கள் எழுந்தன. அவை எல்லாவற்றுக்கும் வைக்கப்பட்ட பெயர் ஓர் எழுத்துப்பிழை. பெயரைப் பிழையாக எழுதியவர்கள் வென்றவர்கள் என்பதால், பிழையே பெயராக நிலைத்துவிட்டது. திருகோணமலை மக்களுக்கு இது பழக்கமில்லாத கதையல்ல.

மோர்ட்டெலா முனை

பிரான்சுக்கும் இத்தாலிக்கும் இடையே கடலில் கிடக்கும் தீவு கொர்சிக்கா. அதை நீண்டகாலம் ஆண்டவர்கள் இத்தாலியின் ஜெனோவா நகரத்தார். வட ஆபிரிக்கக் கரையிலிருந்து வரும் கடற்கொள்ளையர்கள் ஊர்களைச் சூறையாடி, மக்களை அடிமைகளாகப் பிடித்துப்போன காலம் அது. அதனால் 16ஆம் நூற்றாண்டில் தீவின் கரையைச் சுற்றிலும் வட்ட வடிவக் காவற்கோபுரங்களைக் கட்டினார்கள். கடலில் பாய்மரம் தென்பட்டால் கோபுரத்தில் இருப்பவர் நெருப்பு மூட்டுவார். அதைக் கண்டு அடுத்த கோபுரத்தில் நெருப்பு எரியும். ஊர் மக்கள் மலைக்கு ஓடுவார்கள்.

சென் புளோரன்ற் குடாவின் ஓரத்தில் உள்ள ஒரு முனையில் 1560களில் கட்டப்பட்டது மோர்ட்டெலா கோபுரம். ‘மோர்ட்டெலா’ என்பது அந்தக் கரையில் மண்டிக் கிடக்கும் மணமுள்ள ஒரு புதர்ச்செடியின் பெயர். நம்மூர்க் கொய்யாவும் நாவலும் அந்தச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தவையே. தாழையடி, நாவலடி, புளியடி என்று நாங்கள் இடங்களைச் சொல்வதைப்போல, கொர்சிக்கா மக்கள் அந்த முனையைச் செடியின் பெயரால் அழைத்தார்கள்.

1794 பெப்ரவரியில், பிரெஞ்சுப் படையிடமிருந்து கொர்சிக்காவைக் கைப்பற்றப் பிரித்தானியக் கடற்படை வந்தது. 74 பீரங்கிகளைக் கொண்ட ‘போர்ட்டிரியூட்’, 32 பீரங்கிகளைக் கொண்ட ‘யூனோ’ என்ற இரண்டு கப்பல்கள் கோபுரத்தை நெருங்கிச் சுட்டன. யூனோவின் தலைவர்தான் சாமுவேல் ஹூட். கோபுரத்துக்குள் இருந்தவர்கள் முப்பது பேரளவில். அவர்களிடம் இருந்தவை இரண்டு மூன்று பீரங்கிகள். நூறு பீரங்கிகள் மணிக்கணக்காகச் சுட்டும் கோபுரம் அசையவில்லை. கோபுரத்தில் இருந்தவர்கள் இரும்புக் குண்டுகளைப் பழுக்கக் காய்ச்சிச் சுட்டதில் போர்ட்டிரியூட் தீப்பற்றியது. அதில் அறுபது பேருக்கு மேல் கொல்லப்பட்டோ காயப்பட்டோ போனார்கள். இரண்டு கப்பல்களும் பின்வாங்கின.

கடைசியில் தரைவழியாகப் பீரங்கிகளை மேட்டுக்கு ஏற்றி, இரண்டு நாள் சுட்ட பிறகுதான் கோபுரம் பணிந்தது. தாங்கள் தோற்ற கட்டடத்தைப் பிரித்தானியர் அளந்து வரைந்து எடுத்துக்கொண்டார்கள். 1796இல் கொர்சிக்காவை விட்டுப் போகும்போது வெடிவைத்து அதைத் தகர்த்தார்கள். பிறகு தங்கள் நாட்டிலும் குடியேற்ற நாடுகளிலும் அதேபோலக் கட்டத் தொடங்கினார்கள்.

வரைபடம் சரியாகத்தான் போயிற்று. பெயர்தான் வழியில் மாறியது. மோர்ட்டெலா, ‘மார்ட்டெலோ’ ஆயிற்று. இத்தாலிய மொழியில் மார்ட்டெலோ என்றால் சுத்தியல். இத்தாலியக் கரையோரக் கோபுரங்களில் ஆபத்தை அறிவிக்கச் சுத்தியலால் மணி அடிப்பார்கள். அதிலிருந்து வந்த பெயர் என்று விளக்கம் சொல்பவர்களும் உண்டு. காதில் விழுந்த செடியின் பெயரை, தெரிந்த சுத்தியலின் பெயரோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டார்கள் என்பதே பெரும்பாலானோர் ஏற்கும் விளக்கம்.

சிறிய கோபுரத்தின் பலம் எங்கே?

இவ்வளவு சிறிய கட்டடம் எப்படித் தாக்குப்பிடித்தது என்று கேட்கலாம். முதற்காரணம் வட்டம். தட்டையான சுவரில் குண்டு நேராக மோதும். வளைந்த சுவரில் பெரும்பாலான குண்டுகள் சரிந்து வழுக்கிப்போகும். தகர்ப்பதற்கு மூலையும் இல்லை. அடுத்தது சுவரின் கனம். பிற்காலத்தில் இங்கிலாந்தில் கட்டிய கோபுரங்களில் கடலைப் பார்த்த பக்கச் சுவர் ஏறத்தாழ 13 அடி தடிப்பாக இருந்தது. தரைப்பக்கம் அதைவிட மெலிது. தாக்குதல் கடலிலிருந்துதான் வரும் என்று கணக்குப் போட்டுக் கட்டினார்கள்.

கீழ்த்தளத்தில் வெடிமருந்தும் உணவும் தண்ணீரும். நடுத்தளத்தில் ஓர் அதிகாரியும் இருபதளவில் படையினரும் தங்குவார்கள். உச்சியில் ஒரு பீரங்கி. அது சுழலும் மேடையில் இருப்பதால் எந்தத் திசைக்கும் திருப்பலாம். வாசல் நிலமட்டத்தில் இராது; பத்து அடிக்கும் மேலே இருக்கும். ஏணியை உள்ளே இழுத்துக்கொண்டால் கதை முடிந்தது. கப்பல் அலையில் ஆடிக்கொண்டே சுட வேண்டும். கோபுரத்துப் பீரங்கி அசையாத கல்லின் மேல் நின்று சுடும். இரண்டு பீரங்கிகள் எழுபத்து நான்கை வென்றது அதனால்தான்.

நெப்போலியன் படையெடுத்து வருவான் என்ற அச்சத்தில், 1805 முதல் 1812 வரை இங்கிலாந்தின் தெற்கு, கிழக்குக் கரைகளில் மட்டும் 103 கோபுரங்களைக் கட்டினார்கள். அயர்லாந்தில் ஏறத்தாழ ஐம்பது. கனடாவில் ஹலிபக்ஸ், கியூபெக், கிங்ஸ்ரன் நகரங்களில் இன்றும் இவற்றைக் காணலாம். டப்ளினுக்கு அருகில் சாண்டிகோவ் என்ற இடத்தில் உள்ள கோபுரத்தில் 1904இல் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜோய்ஸ் சில நாட்கள் தங்கினார். அவரது ‘யுலிசிஸ்’ நாவல் தொடங்குவது அங்கேதான். நெப்போலியன் கடைசிவரை வரவில்லை. 1860களுக்குள், உள்ளே புரியிட்ட புதிய பீரங்கிகள் வந்து, இந்தத் தடித்த சுவர்களையும் பயனற்றதாக்கிவிட்டன.

அம்பாந்தோட்டையின் கோபுரம்

இலங்கையில் மார்ட்டெலோ கோபுரம் என்று பரவலாக அறியப்படுவது அம்பாந்தோட்டையில், பழைய கச்சேரிக்கு அருகே, கடலைப் பார்த்த மேட்டில் நிற்கிறது. உயரம் ஏறத்தாழ 25 அடி. 1800களின் முதல் ஆண்டுகளில் கட்டப்பட்டது.

அங்கே ஏன் கட்டினார்கள்? அம்பாந்தோட்டையில் பெரிய துறைமுகம் எதுவும் அப்போது இல்லை. இருந்தது உப்பு. அந்தக் கரையின் உப்பளங்கள் பெரியவை. மலைநாட்டுக் கண்டி இராச்சியத்துக்குக் கடல் இல்லை. உப்பைக் கையில் வைத்திருப்பவர் கண்டியின் கழுத்தைப் பிடித்திருப்பவர். 1803இல் பிரித்தானியர் கண்டிமீது படையெடுத்துப் பெருந்தோல்வி கண்டார்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் கண்டிப் படை அம்பாந்தோட்டையைத் தாக்கியது. அந்தச் சூழலில் பார்த்தால், கோபுரம் கடலைவிட உள்நாட்டைப் பற்றிய அச்சத்தையே அதிகம் சொல்கிறது.

இதைக் கவனிக்க வேண்டும். கொர்சிக்காவில் கடலிலிருந்து வரும் கொள்ளையரிடமிருந்து ஊரைக் காக்க எழுந்த கோபுரம், இலங்கைக்கு வந்தபோது ஊரவரிடமிருந்து வந்தேறிய படையைக் காக்கும் கட்டடமாயிற்று. காவலரண் ஒன்றைக் கண்டால் ‘இது யாரைக் காக்கிறது, யாரைப் பார்க்கிறது’ என்று கேட்கும் பழக்கம் எங்கள் மக்களுக்குப் போர் தந்தது. அதே கேள்வியை இந்தப் பழைய கோபுரங்களிடமும் கேட்கலாம்.

கோபுரக் கல்லால் எழுந்த கோட்டை

திருகோணமலையின் பாதுகாப்பு சின்னக் கோபுரங்களில் தங்கியிருக்கவில்லை. இங்கே பெரிய கோட்டைகள் இரண்டு. உட்துறைமுக வாயிலில் ஒஸ்டென்பேர்க். மற்றது நகரத்தையொட்டிக் கடலுக்குள் நீளும் கோணேசர் மலையில்.

ஆழமான, புயலுக்கு ஒதுங்கக்கூடிய இந்தத் துறைமுகத்துக்காக ஐரோப்பியர் அடித்துக்கொண்ட வேகத்துக்கு 1782ஆம் ஆண்டு ஒன்றே போதும். சனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் பிடித்தார்கள். ஓகஸ்டில் பிரித்தானியரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள். செப்ரெம்பர் 3ஆம் திகதி துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கடற்படைகளும் மோதின. பிறகு ஐரோப்பாவில் எழுதிய சமாதான ஒப்பந்தத்தின்படி ஊர் மறுபடி ஒல்லாந்தர் கைக்குப் போனது. 1795 ஓகஸ்டில் பிரித்தானியர் திரும்பி வந்து, 1948 வரை ஆண்டார்கள். நாடு விடுதலை பெற்ற பிறகும் 1957 வரை அவர்களது கடற்படை இங்கேயே இருந்தது.

கோணேசர் மலைக் கோட்டையின் கதை இதற்கெல்லாம் முந்தியது. 7ஆம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் பாடிய கோயில் அந்த மலையில் இருந்தது. 1622இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனோ டி சா அதை இடித்தான். 1624இல் கோயிலின் கற்களைக் கொண்டே கோட்டை கட்டப்பட்டது. இன்றும் கோட்டை வாசலில், பாண்டியரின் இரட்டைக் கயல் பொறித்த கல்லையும் சிதைந்த தமிழ்க் கல்வெட்டையும் காணலாம். ‘கோபுரம்’ என்றால் எங்களுக்கு முதலில் மனதில் வருவது கோயில் கோபுரம். இங்கே அந்தக் கோபுரக் கல்தான் கொத்தளக் கல்லாக மாறியது.

1639இல் ஒல்லாந்தர் கண்டி மன்னனோடு சேர்ந்து அதைக் கைப்பற்றினார்கள். மலையை அவர்கள் ‘பகோடா மலை’ என்றார்கள். ஐரோப்பியர் நமது கோயில்களுக்கு வைத்த பொதுப்பெயர் பகோடா. எந்தச் சாமி, எந்தத் தலம் என்பது அந்தச் சொல்லில் இல்லை. 1803இல் பிரித்தானியர் கோட்டைக்குப் ‘பிரெட்ரிக் கோட்டை’ என்று பெயர் வைத்தார்கள். பிரெட்ரிக், மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் மகன், படைத்தளபதி. அவர் திருகோணமலையை ஒருநாளும் கண்டதில்லை. இரண்டு நூற்றாண்டுகள் கடந்தும், சுதந்திரம் வந்தும், போர் வந்தும், பெயர்ப்பலகையில் அவர்தான் இருக்கிறார்.

வரைபடத்தில் யார் கை?

துறைமுகத்தின் கடல் வரைபடத்தைப் பார்த்தால் சோபர் தீவு, கிளப்பன்பேர்க் குடா, நிக்கல்சன் குடா என்று பெயர்கள் வரிசையாக வரும். கரையில் மீன்பிடித்தவர்களிடம் கேட்டு எழுதிய பெயர்களாக இவை தெரியவில்லை. கப்பலின் மேல்தட்டில் நின்று பார்த்தவர்களின் கண்ணில் பட்டதும், அவர்களது உயரதிகாரிகளின் பெயரும் வரைபடமாயின.

வடக்கே ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலில் நிற்கும் சிறிய கோட்டை இதற்கு இன்னும் நல்ல உதாரணம். ஒல்லாந்தர் அதற்கு ‘ஹம்மன்ஹீல்’ என்று பெயரிட்டார்கள். பன்றித்தொடை இறைச்சியின் குதிக்கால் என்று பொருள். இலங்கைத் தீவின் வரைபடம் அவர்களுக்குத் தொங்கவிட்ட பன்றித்தொடைபோலத் தெரிந்ததாம். அதன் அடிநுனியில் இருப்பதால் கோட்டை குதிக்கால். ‘காவல்’ என்ற சொல்லைத் தன் பெயரிலேயே வைத்திருக்கும் துறைக்கு எதிரே, இப்படி ஒரு பெயர். ஊரவர் அதைக் கடற்கோட்டை என்றார்கள். ஆவணங்களில் ஏறியது குதிக்கால்.

பெயர் மாறுவது எப்போதும் ஆதிக்கத்தால் மட்டும் நடப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காது கேட்டதை ஒவ்வொரு மொழியும் தன் சொல்லாக ஆக்கிக்கொள்ளும். திருகோணமலை நகரில் ஆங்கிலத்தில் ஓர்ஸ் ஹில் எனப்படும் இடம் தமிழில் உவர்மலை. ஒலி ஒட்டுகிறது, பொருள் ஒட்டவில்லை. மோர்ட்டெலா மார்ட்டெலோ ஆனதும் அப்படித்தான். வித்தியாசம் என்னவென்றால், நாங்கள் வாயால் மாற்றிய பெயர் எங்கள் ஊருக்குள் இருந்தது. பேரரசு பேனாவால் மாற்றிய பெயர் உலகம் முழுவதற்கும் சட்டமாயிற்று. திருகோணமலையின் பெயரே ‘ட்ரிங்கோமலி’ என்றாகி, 1817இல் பம்பாயில் தேக்கால் கட்டிய போர்க்கப்பலுக்குச் சூட்டப்பட்டது. அந்தக் கப்பல் இன்று இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் காட்சிக்கு நிற்கிறது. எங்கள் ஊரின் பெயரை அங்கே வாசிப்பவர்களுக்கு அதற்குள் ஒரு கோணேசர் இருப்பது தெரிய நியாயமில்லை.

இது பழங்கதை மட்டுமல்ல. ‘கோகண்ண’ என்ற பழம்பெயரை முன்வைத்துக் கோணேசர் மலை யாருடையது என்று நடக்கும் வாதம் இவ்வூர் மக்களுக்குப் பழகிப்போனது. 2020 யூனில் கிழக்கு மாகாணத்தின் தொல்லியல் மரபுகளை அடையாளம் காணவென ஜனாதிபதி செயலணி ஒன்று நியமிக்கப்பட்டபோது, அதில் ஒரு தமிழரோ ஒரு முஸ்லிமோ இருக்கவில்லை. பெரும்பாலும் தமிழரும் முஸ்லிம்களும் வாழும் மாகாணத்தில், எந்தக் கல் எதைச் சொல்கிறது என்று எழுதும் பேனா யாரிடம் இருந்தது என்பதை அந்தப் பட்டியல் காட்டியது.

எழுதி வைக்காவிட்டால்

மலைக்கும் கோட்டைக்கும் பெயர் சொல்ல வரலாற்றுப் புத்தகங்கள் இருக்கின்றன. சிறிய இடங்களுக்கு அப்படி எதுவும் இல்லை. கொட்டியாரக் குடாவின் தென்கரையில் உள்ள சம்பூர் மக்கள் 2006 ஏப்ரலில் குண்டுவீச்சுக்குள் இடம்பெயர்ந்தார்கள். 2007இல் அந்த நிலம் உயர் பாதுகாப்பு வலயமாக்கப்பட்டது. கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தவர்கள் 2015, 2016ஆம் ஆண்டுகளில்தான் படிப்படியாகத் திரும்ப முடிந்தது. ஆறு வயதில் ஊரைவிட்டுப் போன பிள்ளை பதினாறு வயதில் திரும்பியது.

ஓர் ஊரின் பெயர்கள் அந்தப் பத்து ஆண்டுகளில் என்ன ஆகும்? வயலுக்கு ஒரு பெயர், வாய்க்காலுக்கு ஒன்று, சின்னக் குளத்துக்கு ஒன்று, ஒவ்வொரு கரைவலைப் பாட்டுக்கும் ஒன்று, வைரவர் சூலம் நின்ற மரத்தடிக்கு ஒன்று. இவை அரச வரைபடத்தில் இல்லை. வயலில் வேலை செய்யும்போதும் வலை இழுக்கும்போதும் சொல்லிச் சொல்லியே அடுத்த தலைமுறைக்குப் போனவை. வயலும் இல்லை, வலையும் இல்லை என்றான பத்து ஆண்டுகளில் சொல்வதற்கான சந்தர்ப்பமே இல்லாமற் போனது. வன்னியிலும் வலிகாமம் வடக்கிலும் இதே கதைதான்; சில இடங்களில் காலம் இன்னும் நீளமானது.

காணிப் பிரச்சினை வரும்போது இந்தச் சின்னப் பெயர்களின் பெறுமதி தெரியும். பழைய உறுதிகளில் எல்லைகள் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கும்: கிழக்கே இன்ன குளக்கட்டு, தெற்கே இன்ன வாய்க்கால். உறுதி கையில் இருந்தாலும், அந்தக் குளம் எது என்று காட்ட ஆள் இல்லாவிட்டால் கடதாசி பாதிப் பேச்சுத்தான் பேசும்.

இதற்கு ஆய்வு நிறுவனமோ நிதியோ வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு பாடசாலைக் கொப்பியும், வயதான இரண்டு மூன்று பேரும், அவர்களோடு நடந்துபோக ஒரு பிற்பகலும் போதும். இடத்தின் பெயர், அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, ஏன் அந்தப் பெயர், சொன்னவர் யார், திகதி என்ன. கைத்தொலைபேசியில் குரலைப் பதிவுசெய்து, படமும் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. ஒரே இடத்துக்குத் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வெவ்வேறு பெயர் சொன்னால், எல்லாவற்றையும் எழுத வேண்டும். ஒரு பெயரை அழித்து இன்னொன்றை எழுதும் பழக்கத்தால் பட்டது போதும்.

மோர்ட்டெலா முனையில், வெடிவைத்துப் பிளந்த கோபுரத்தின் பாதி இன்றும் கடலோரத்தில் நிற்கிறது. உலகம் முழுவதும் மார்ட்டெலோ என்று எழுதினாலும், கொர்சிக்கா மக்கள் அதைத் தங்கள் செடியின் பெயரால் மோர்ட்டெலா என்றே அழைக்கிறார்கள். திருகோணமலையிலும், பிரெட்ரிக் கோட்டைக்குப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு யாரும் வெள்ளிக்கிழமை காலையில் புறப்படுவதில்லை. படையினர் நிற்கும் அந்த வாசலைக் கடந்து போனாலும், போவது கோணேசர் கோயிலுக்குத்தான். பெரிய கோயிலின் பெயரை மக்களின் வாய் நானூறு ஆண்டுகள் காப்பாற்றித் தந்தது. சின்னக் குளங்களின் பெயர்களுக்கு அவ்வளவு காலம் இல்லை.